லிஃப்ட் இன்னும் ஒரு மாடி ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 30 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 58. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போயின. முதலில் காலிப்பரும் ஊன்றுகோலும், இப்போது 12 வருடமாகச் சக்கர நாற்காலி. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நான் கேட்கப் போகும் காரியம் புரிய வேண்டும் என்றால், கேட்கிறவள் எங்கே உட்கார்ந்து கேட்கிறாள் என்பது தெரிந்தாக வேண்டும்.

நம் மாவட்டத்தில் புதிதாக ஒரு பொதுக் கட்டடம் வருகிறது என்று உங்கள் பத்திரிகையில் படித்தால் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடுவேன். லிஃப்ட் எதுவரை போகும்? செய்தியில் அது இருக்காது. கட்டி முடித்த பிறகு நேரில் போய்ப் பார்த்தால் எங்கேயும் ஒரே பதில்தான். மூன்று மாடி என்றால் மூன்றாவது மாடி வரை. அதற்கு மேலே பத்துப் பதினான்கு படி, ஒரு இரும்புக் கதவு, அதில் ஒரு சங்கிலி. எங்கள் பக்கத்தில் மட்டுப்பா என்று சொல்லும் அந்த மொட்டை மாடி யாருக்கும் இல்லை.

அந்த மொட்டை மாடியில் மண் போட்டுச் செடி வைக்க வேண்டும், அதை எல்லோருக்கும் திறந்து விட வேண்டும், அங்கே என்னைப் போன்றவர்களும் போய்ச் சேர லிஃப்ட் இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு என் அம்மாவை ஒரு ஆஸ்பத்திரியில் 23 நாள் வைத்திருந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. வைத்தியத்தில் எந்தக் குறையும் கிடையாது, செவிலியர்கள் தங்கமானவர்கள். அம்மாவின் கட்டில் மூன்றாவது மாடி வார்டில். பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அம்மா பூதப்பாண்டிப் பக்கம் வயலும் வாழைத் தோப்புமாக வளர்ந்தவள். காலையில் எழுந்ததும் முற்றத்துக்கு வந்து கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டால்தான் அவளுக்கு நாள் தொடங்கும். அந்த வார்டில் சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஏசி மிஷினில் இருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மக்ளே, வெளிய மழை பெய்யுதா?" என்று தினமும் கேட்பாள். "இல்லம்மா, நல்ல வெயில்" என்று நானும் தினமும் சொல்வேன்.

வார்டு வராந்தாவின் கடைசியில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே கீழே பார்த்தால் பக்கத்துப் பிளாக்கின் மொட்டை மாடி முழுதாகத் தெரியும். கறுத்துப் போன தளம், நாலைந்து தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த நாற்காலிகள், கைப்பிடிச் சுவரின் விரிசலில் ஒரு அரச மரக் கன்று. மனிதர் யாரும் இல்லை. அதே நேரத்தில் நோயாளிகளுக்குத் துணைக்கு வந்த பெண்கள் நூறு பேருக்கு மேல் படிக்கட்டிலும் வராந்தாவிலும் பாயை விரித்து, மதியம் எல்லாம் வியர்வையில் நனைந்து கிடப்பார்கள். நான் அந்த ஜன்னல் ஓரத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு கணக்குப் போடுவேன். எப்படியும் பத்தாயிரம் சதுர அடி இருக்கும், காற்றும் வெளிச்சமும் அள்ளிக்கொண்டு போகிற இடம். அதில் ஒரு புல் கிடையாது, ஒரு ஆள் கிடையாது.

எங்கள் பிளாக்கின் மேல்தளத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போக முடியுமா என்று காவலாளியிடம் கேட்டேன். நல்ல மனிதர். "மேல ஒண்ணும் இல்லக்கா, சும்மா கிடக்கு. லிஃப்டும் போகாது" என்றார். உண்மையைத்தான் சொன்னார். மேலே ஒன்றும் இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் இருந்தாள். அந்த ஒன்றரை மாதமும் கட்டிலை முற்றத்தில் போட்டு வைத்திருந்தோம்.

மரமோ ஆகாயமோ கண்ணில் பட்டால் நோயாளிக்கு நல்லது என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர், பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளைப் பார்த்து 1984இல் வெளியிட்டிருக்கிறார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

என் அப்பா கொத்தனார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, வடசேரியில் அவர் வேலை பார்த்த ஒரு வீட்டுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். முந்தைய வாரம் கான்கிரீட் போட்ட தளம். அது காய்ந்து வெடிக்காமல் இருக்க மேலே சின்னச் சின்ன வரப்பாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு மேலே வயல் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம். வடக்கே தாடகை மலை, ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதுபோல. கீழே தெருவில் இருந்து நான் பார்த்த மலை எப்போதும் யாராவது ஒருவர் வீட்டு ஓட்டுக்குப் பின்னால் அரைகுறையாக இருக்கும். அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். சித்தாள் பெண்கள் சிமெண்டுச் சட்டியைச் சுமந்து ஏறுவதற்குப் பலகையால் ஒரு சாய்வு கட்டியிருந்தார்கள். அப்பா என்னைத் தூக்கி வந்ததும் அதன் வழியாகத்தான். வீடு முடிந்ததும் பலகையைப் பிரித்துவிட்டார்கள், படி மட்டும் நின்றது. என் சொந்த வீட்டுக்கு நானே சம்பாதித்துத் தளம் போட்டேன். அந்தத் தளத்தின் மேலே நான் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன், இரண்டு தடவையும் தம்பி தூக்கிக்கொண்டு போனான். வீட்டுக்கு அது போகட்டும். எல்லோர் வரிப்பணத்திலும் எழும்புகிற கட்டடத்துக்கு அப்படி விட்டுவிட முடியாது.

ஏன் மொட்டை மாடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய், தரையில் பூங்கா கேட்கலாமே என்று கடைக்கு வந்த ஒரு டீச்சர் கேட்டார். தரை எங்கே இருக்கிறது? 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெரிசல் நமக்குத்தான். வடக்கே மலை, தெற்கே கடல், நடுவில் வயலும் குளமும், மிச்ச இடத்தில் நாம். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. பெயர் பெரிதானதே தவிர ஊரில் ஒரு சென்ட் நிலம் கூடவில்லை. புதுப் பூங்காவுக்கு இடம் வேண்டும் என்றால் வயலையோ குளத்தின் கரையையோதான் கேட்க வேண்டும். அதை நான் கேட்க மாட்டேன். ஒவ்வொரு பொதுக் கட்டடமும் தரையில் பிடித்த அதே அளவு இடத்தை மேலே வைத்துக்கொண்டு நிற்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். மரினா பராஜ் என்ற இடம். கடல் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் அணைக்கட்டு, தண்ணீர் இறைக்கும் கட்டடம். 2008இல் திறந்தது. அந்தக் கட்டடத்தின் கூரை முழுக்கப் புல்வெளி. தரையில் இருந்து வளைந்து ஏறுகிற ஒரு சாய்வுப் பாதையில் மேலே போகலாம். பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடுகின்றன. ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து அவருடைய பேத்தி தள்ளிக்கொண்டே மேலே வந்துவிட்டாள். நடுவில் யாரும் தூக்கவில்லை. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அதே ஊரில் ஈசூன் என்ற பகுதியில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் ஆஸ்பத்திரியின் மாடியில் காய்கறித் தோட்டமே இருக்கிறதாம். சுற்றுவட்டார ஆட்கள் வந்து பார்த்துக்கொள்கிறார்களாம்.

செடி வைப்பது மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகர மன்றக் கட்டடத்தின் மேல் 2000ஆம் ஆண்டு தொடங்கி 20,000க்கு மேற்பட்ட செடிகள் வைத்தார்கள். வெயில் சூட்டைக் குறைக்கிறதா என்று பார்ப்பதற்கான முயற்சி, பலனும் கிடைத்தது. ஆனால் பொதுமக்கள் சும்மா மேலே போய்வர முடியாது. கனடாவில் வான்கூவர் நகரத்தின் மைய நூலகத்தை 1995இல் கட்டும்போதே கூரையில் தோட்டம் போட்டார்கள். மக்கள் அதில் கால் வைத்தது 2018இல். இடையில் 23 வருடம். அந்த 23 வருடத்தில் அந்த நூலகத்துக்குப் போய்வந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் தலைக்கு மேலே ஒரு தோட்டம் இருப்பது தெரியாமலே வயதாகிப் போயிருப்பார்கள்! திறக்காத தோட்டம் சூட்டைக் குறைக்கும், மழைத் தண்ணீரைப் பிடிக்கும், அதெல்லாம் சரி. அது மட்டும் போதும் என்றால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே செலவு குறைவு, தளமும் குளிரும். மண்ணும் செடியும் கேட்பதற்குக் காரணமே அங்கே மனிதர் உட்கார வேண்டும் என்பதுதான்.

அதற்காக மழைத் தண்ணீர் விஷயம் சின்னது என்று சொல்ல வரவில்லை. தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமும் நம்மை நனைக்கின்றன. 10,000 சதுர அடித் தளத்தில் ஒரு அங்குலம் மழை பெய்தால் சுமார் 23,600 லிட்டர் தண்ணீர். இன்றைக்கு அது அத்தனையும் குழாய் வழியே ஒரே பாய்ச்சலாகத் தெருவுக்கு வருகிறது. ஒழுகினசேரியில் பழையாற்றுப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு அந்தப் பாய்ச்சல் என்ன செய்யும் என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. மண் இருந்தால் முதலில் அது குடிக்கும், மிச்சத்தை மெதுவாக விடும். பெருமழையை எல்லாம் அது தடுத்துவிடாது, மண் நிறைந்துவிட்டால் வழியத்தான் செய்யும். முதல் அரை மணி நேர ஓட்டத்தைத் தாமதப்படுத்தினாலே ஓடைக்கு மூச்சு கிடைக்கும்.

தளம் ஒழுகும் என்பார்கள். எல்லோரும் முதலில் சொல்வது இதுதான், பயமும் நியாயம்தான். அப்பா சொல்வார்: "தளத்த ஒழுக வைக்கிறது மழை இல்ல மக்கா, வெயிலு. மழை வந்து காட்டிக் குடுக்குது, அவ்வளவுதான்." பகல் முழுக்கக் காய்ந்து விரிந்து, இரவில் சுருங்கி, மறுபடி விரிந்து, அப்படியே மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழுகிறது. அது வழியாகத் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. கடல் காற்று வேறு. மேலே மண் மூடியிருந்தால் தளத்துக்கு அந்த விரிந்து சுருங்கும் பாடு மிகவும் குறைந்துவிடும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1914இல் கட்டிய குடிநீர் நிலையம் ஒன்று இருக்கிறது. உள்ளே தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கான்கிரீட் கூரை மேல் தார்ப்பூச்சுப் பூசி, சரளை பரப்பி, அதன் மேல் ஒரு சாண் அளவுக்கு மண் கொட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கூரை மேல் புல்வெளி இருக்கிறது, 175 வகைச் செடிகள் இருக்கின்றன. அதில் ஆர்க்கிட் மட்டும் 9 வகை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஒழுங்காகச் செய்ய வேண்டும், அது முக்கியம். தளத்துக்கு வாட்டம், அதாவது தண்ணீர் வடிகிற சரிவு, சரியாகக் கொடுக்க வேண்டும், தண்ணீர் எங்கேயும் தேங்கக் கூடாது. நீர் புகாத விரிப்பு போட்டு, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழே ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே எதையும் வைக்க வேண்டும். அப்புறம் வேர் துளைக்காத ஒரு விரிப்பு, வடிவதற்குச் சரளை, மண் கீழே இறங்கிவிடாமல் ஒரு துணி, அதற்கு மேல் மண். வடிகுழாய் வாயைச் சுற்றி ஒரு முழம் மண் போடாமல் கூழாங்கல் மட்டும் போட வேண்டும். கொசு பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே பதில். கொசு ஈர மண்ணில் முட்டையிட்டுப் பெருகாது, தேங்கின தண்ணீரில்தான் பெருகும். வாட்டம் சரியாக இருக்கும் தோட்டத்தைவிட, உடைந்த நாற்காலியும் பிளாஸ்டிக் வாளியும் கிடக்கும் பூட்டிய மாடிதான் கொசுவுக்கு வசதி.

அரச மரமும் அப்படித்தான். பறவை போடும் விதையில் விரிசலில் முளைக்கிறது. யாரும் போகாத மாடியில் அது இரண்டு வருடம் வளர்ந்து சுவரைப் பிளந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. தினமும் ஆள் போகும் மாடியில் முளைத்த வாரமே யாராவது பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

பாரம் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அப்பாவிடம் கையாளாக இருந்தவரின் மகன் இன்று இன்ஜினியர். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில், 875 என்ற எண், இரண்டாம் பகுதி, தட்டையான கூரைக்கு இரண்டு அளவு இருக்கிறதாம். ஆள் போகும் கூரை என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்க வேண்டும். பராமரிப்புக்குத் தவிர யாரும் போகாத கூரை என்றால் 75 கிலோ போதும். இதைக் கேட்டபோது எனக்கு மனசு என்னமோ செய்தது. அந்தக் கதவில் சங்கிலி விழுவது கட்டி முடித்த பிறகு இல்லை. வரைபடம் போடும்போதே, கணக்கு எழுதும்போதே பூட்டிவிடுகிறார்கள்.

நாலு அங்குல மண் நனைந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிலோ வரும். அது தனிக் கணக்கு, அதன் மேல் ஆட்கள் வேறு. கூட்டமாக மக்கள் கூடும் இடத்துக்கு 500 கிலோ வரை கணக்கில் எடுப்பார்களாம். அதனால் இருக்கிற பழைய கட்டடங்களின் மேல் நாளைக்கே மண்ணைக் கொட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் செய்வது ஆபத்து. பழைய கட்டடம் ஒவ்வொன்றையும் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். இனிமேல் கட்டுகிறவற்றுக்கு முதல் நாளே இந்தக் கணக்கை எழுதுங்கள் என்பதுதான் வேண்டுதல். தூணும் உத்தரமும் கொஞ்சம் கனக்கும், கம்பி கொஞ்சம் கூடும். கட்டி முடித்த பிறகு அதைச் சேர்க்க வழியில்லை.

லிஃப்டும் அதே போலத்தான். அது மொட்டை மாடியில் நிற்க வேண்டும் என்றால் லிஃப்ட் கூண்டின் சுவர் அதற்கும் மேலே உயர வேண்டும், மிஷின் அறை இருந்தால் அதுவும் உயர வேண்டும். வரைபடத்தில் இது ஒரு கோடு, கட்டிய பிறகோ இடித்துக் கட்டுகிற வேலை. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்காகச் சாய்வுதளம் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் அதையே இன்னும் ஒரு சுற்று ஏற்றிவிடலாம்.

இனி நான் சொல்லப்போகும் மூன்றும் நடக்கிறவர்களின் கண்ணில் படாதவை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லிஃப்ட் மேலே வந்தாலும் மாடிக் கதவில் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க முக்கால் அடி உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டுவது வழக்கம். அந்த முக்கால் அடியில் என் பயணம் முடிந்துவிடும். சாய்வுதளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் ஓட வேண்டும் என்பது விதி. முக்கால் அடிக்கு 9 அடி நீளம். அதற்கு இடம் விட வேண்டும். இல்லையென்றால் தடுப்புக்குப் பதில் கதவுக்கு வெளியே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புச் சல்லடை போட்டுத் தரையைச் சமமாக வைத்துவிடலாம். அடுத்தது கைப்பிடிச் சுவர். நாலடிச் சுவருக்கு மேலே தலை நீட்டி நீங்கள் மலையைப் பார்ப்பீர்கள். உட்கார்ந்திருக்கும் என் கண்ணின் உயரமும் ஏறத்தாழ நாலடிதான், எனக்குத் தெரிவது சுவரின் பூச்சு. கீழே ஒன்றரை அடி சுவர், அதற்கு மேல் ஆள் உயரத்துக்குப் பிள்ளைகள் ஏற முடியாதபடி நெருக்கமான நெட்டுக்குத்துக் கம்பி. பாதுகாப்பும் ஆகும், தாடகை மலையும் தெரியும். மூன்றாவது பாத்தி. தரையோடு தரையாக இருந்தால் எனக்கும் முழங்கால் மடங்காத வயசாளிகளுக்கும் செடி எட்டாது. சில பாத்திகளாவது மேசை உயரத்தில், கீழே நாற்காலி நுழைய இடம் விட்டு இருக்கட்டும். பாரம் கூடும் அந்தப் பாத்திகளைத் தூணும் உத்தரமும் வருகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று, எங்கள் தெருவில் மாடி மேல் போட்டிருந்த தகரக் கூரை ஒன்று இரண்டு வீடு தாண்டி வந்து விழுந்தது. அதனால் மாடியில் மரம் வேண்டாம், தகரப் பந்தல் வேண்டாம், தூக்கி எறியக்கூடிய தொட்டிகளும் வேண்டாம். தளத்தோடு சேர்த்துக் கட்டிய பாத்தி, அதில் தாழ்ந்து படரும் செடி. வெளிநாட்டுச் செடி எதற்கு? மருத்துவாழ்மலைப் பாறையில் இரண்டு விரல் கனம் மண்ணில் வெயிலைத் தாங்கிக்கொண்டு என்னவெல்லாம் நிற்கிறது என்று பார்த்தாலே போதும். பிரண்டை, சோற்றுக் கற்றாழை, கற்பூரவல்லி, நித்திய கல்யாணி, பத்துமணிப் பூ. கடல் ஓரத்துக் கட்டடம் என்றால் மணல் மேட்டில் படரும் அடம்புக் கொடி. லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில், காற்று மறைவில், ஒரு பிச்சிக் கொடி. மேலே வந்ததும் முதலில் அந்த வாசம் வர வேண்டும் என்பது என் ஆசை.

மண்ணின் கனத்தைக் குறைக்க நம்மிடமே சரக்கு இருக்கிறது. கயிறு திரிக்கும் இடங்களில் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்த்தூள், பழைய வீடு இடிக்கும்போது வரும் உடைந்த ஓடும் செங்கலும். ஓட்டை ஜல்லியாக உடைத்துக் கலந்தால் மண் இறுகாது. நார்த்தூள் காய்ந்தால் பஞ்சு, நனைந்தால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு நன்றாகக் கனக்கும். கணக்குப் போடும்போது நனைந்த எடையைத்தான் போட வேண்டும். ஜனவரியில் இருந்து மே வரைக்கும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அம்மா மழை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஏசித் தண்ணீர் எல்லாக் கட்டடத்திலும் சும்மா வழிந்து போகிறது. அதைப் பிடித்து ஊற்றட்டும்.

யார் பார்த்துக்கொள்வது? மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுங்கள். கீரையும் பூவும் அவர்கள் விற்றுக்கொள்ளட்டும், களை எடுப்பதும் வடிகுழாய் வாயைச் சுத்தம் செய்வதும் அவர்கள் பொறுப்பு. திறக்கும் நேரம் காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 7 என்று வைத்து ஒரு காவலாளி இருந்தால், ஆள் விழுந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் வழி கிடைத்துவிடும். இது செலவுதான். ஆனால் காவலாளி இப்போதும் இருக்கிறார், சங்கிலிக்குப் பக்கத்தில்.

சட்டம் போட்டால் நடக்குமா என்று கேட்பவர்கள் மழைநீர் சேகரிப்பை நினைத்துக்கொள்ளட்டும். 2003இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் எல்லா வீட்டிலும் குழாய் வந்தது. கனடாவின் டொரண்டோ நகரம் 2009இல் புதிய பெரிய கட்டடங்களுக்குப் பச்சைக் கூரையைக் கட்டாயமாக்கியது. அடுத்த வருடமே தன் நகர மன்றக் கட்டடத்தின் கூரையில் தோட்டம் போட்டு மக்களுக்குத் திறந்தது. நமக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே இருக்கிறது. இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற, விதிகள் வந்ததில் இருந்து 5 வருடம் அவகாசம் என்றார்கள். விதிகள் 2017இல் வந்தன. அவகாசம் முடிந்து வருடங்கள் ஆகின்றன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மொட்டை மாடியும் கட்டடத்தின் பகுதிதானே?

மாவட்டம் முழுக்க ஒரே நாளில் கேட்கவில்லை. அடுத்து வரைபடம் போடப்போகும் ஒரே ஒரு கட்டடம் போதும். அது ஆஸ்பத்திரியாக இருந்தால் ரொம்ப நல்லது, நூலகமாக இருந்தாலும் சரி, தாலுகா அலுவலகமாக இருந்தாலும் சரி. நாகர்கோவிலில் வேண்டாம் என்றால் தக்கலையில், குளச்சலில், மார்த்தாண்டத்தில் எங்கேயாவது.

வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதையே மனுவாகக் கொடுக்கப் போகிறேன். கடைக்கு வரும் பெண்களில் 41 பேர் இதுவரை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மனுவோடு ஒரு படமும் இணைத்திருக்கிறேன். இன்ஜினியர் தம்பி வரைந்தது, லிஃப்ட் மாடியில் நின்று, கதவுக்கு வெளியே சல்லடை போட்ட வாய்க்கால், அதைத் தாண்டிப் பிச்சிக் கொடி, வடக்கே கம்பி வழியாக மலை. திங்கட்கிழமைக்கு முன்னால் இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால், பத்திரிகையையும் மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒழுகினசேரி, நாகர்கோவில்.